அணு உலை வாசலில் வியாபாரம்: கூடங்குளம் நமக்குச் சொல்லும் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் அணு மின் நிலையம் எதுவும் இல்லை. ஆயினும் "அணு" என்ற சொல் நமது கடைவீதிகளில் பல ஆண்டுகளாக அடிபட்டு வருகிறது. தேவாரம் அருகே பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்ற செய்தி பரவிய நாள் முதல், "மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள்" என்று ஒரு சாராரும், "ஊரே செழித்துவிடும், நிலத்தின் விலை எங்கோ போய்விடும்" என்று மற்றொரு சாராரும் பேசி வந்தார்கள். இரண்டு பேச்சும் நமது கடை வாசலில் நின்று பேசப்பட்டவைதாம். இரண்டையும் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம்.

ஒரு பெரிய திட்டம் ஊருக்கு வருகிறது என்றால் அரசியல்வாதிக்கு ஒரு கேள்வி, விஞ்ஞானிக்கு ஒரு கேள்வி, விவசாயிக்கு ஒரு கேள்வி இருக்கும். வணிகனுக்கு மூன்று கேள்விகள் உண்டு. எவ்வளவு சரக்கு விற்கும்? எத்தனை காலம் விற்கும்? விபரீதம் நேர்ந்தால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் விடை தேட வேண்டுமானால், அணு மின் நிலையம் ஏற்கெனவே கால் ஊன்றிய ஊர்களைத்தான் நாம் பார்க்க வேண்டும். தமிழகத்தில் அப்படி இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று கல்பாக்கம், மற்றொன்று கூடங்குளம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்த வணிகரும் இல்லை. பெரியாறு அணையின் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி லோயர் கேம்ப் மின் நிலையத்தைச் சுழற்றத் தொடங்கியது 1958-இல். மின் உற்பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்து பழகியவர்கள் நாம். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது, மாவு மில்லும் ஐஸ் பெட்டியும் ஜெராக்ஸ் கடையும் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. டீசல் ஜெனரேட்டருக்குக் கொட்டிய பணம் இன்னும் பலருடைய பேரேட்டில் இருக்கிறது. ஆகவே இது அணு உலைக்கு எதிராக எழுதப்படும் கட்டுரை அன்று. ஆதரவாக எழுதப்படும் கட்டுரையும் அன்று. கணக்குப் பார்க்கும் கட்டுரை.

பொட்டிப்புரத்தில் என்ன நடந்தது?

நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்தும் விண்ணிலிருந்தும் இடைவிடாமல் பூமியின் மீது பொழியும் மிக நுண்ணிய துகள். மலை, மண், மனித உடல் எதுவும் அதைத் தடுப்பதில்லை. அதைப் பிடித்து ஆராய்வதற்கு, மற்றத் துகள்கள் எட்டாத ஆழத்தில் கருவியை வைக்க வேண்டும். 1965-இல் கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைக் கண்டறிந்தனர். அதன் தொடர்ச்சியாகவே பொட்டிப்புரம் திட்டம் எழுந்தது.

முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தைத்தான் கேட்டார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் அங்கே அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு பார்வை போடி மேற்கு மலையின் பக்கம் திரும்பியது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, அதன் முடிவில் 50,000 டன் இரும்பாலான கருவியை நிறுத்துவது திட்டம். சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த செய்தி 2015 ஜனவரியில் வெளியானது.

அந்த ஆண்டு மார்ச் மாதமே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், இப்பகுதி புலிகள் நடமாடும் வழித்தடம் என்பதால் திட்டத்துக்கு இடமளிக்க இயலாது என்று தெரிவித்தது.

ஆய்வுக்கூடம் அணு உலை அன்று. அதில் யுரேனியம் எரிவதில்லை. அணுக்கழிவுக் கிடங்கு அன்று என்று விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் பணம் தருவது அணுசக்தித் துறை என்ற ஒரே காரணம் போதும், மக்கள் சந்தேகம் கொள்வதற்கு. திட்டத்தை வகுத்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகளில் காட்டிய அக்கறையை, தேவாரம் சந்தையில் தமிழில் விளக்குவதில் தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது நமது கருத்து. வெடி வைத்தால் வீடு அதிருமா, தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், குடைந்த பாறையை எங்கே கொட்டுவார்கள் என்று ஊர்மக்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குத் தெளிந்த விடை வருவதற்குள் வதந்தி முந்திக்கொண்டது.

கூடங்குளம் கண்ட முப்பது ஆண்டுகள்

இனிக் கூடங்குளத்துக்கு வருவோம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் சோவியத் அதிபர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் சோவியத் நாடே கலைந்துபோனது. திட்டம் கிடப்பில் கிடந்தது. 1998-இல் ரஷ்யாவுடன் புதிதாகப் பேசி, 2002-இல்தான் கான்கிரீட் போட்டார்கள். முதல் அலகு மின் கட்டமைப்போடு இணைந்தது 2013 அக்டோபரில். இரண்டாவது அலகு 2016-இல். ஒப்பந்தத்துக்கும் முதல் மின்சாரத்துக்கும் இடையே ஓடிய காலம் 25 ஆண்டுகள். இந்த ஓர் எண்ணை நமது உறுப்பினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1988-இல் அறிவிப்பை நம்பி முதல் போட்டுக் கட்டடம் கட்டியவர் எவராயினும், அவருடைய மகன்தான் அதன் பலனைப் பார்த்திருக்க முடியும்.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டோம். முதல் அலகின் 1,000 மெகாவாட்டில் 562.5 மெகாவாட் தமிழகத்துக்கு ஒதுக்கப்பட்டது. மூன்றாவது, நான்காவது அலகுகளின் பணி 2017-இலும், ஐந்தாவது, ஆறாவது அலகுகளின் பணி 2021-இலும் தொடங்கின. அதாவது ஒரு கட்டுமானம் முடியும் முன்பே அடுத்தது தொடங்கிய ஊர் அது. எல்லா ஊருக்கும் அந்த யோகம் வாய்க்காது.

இடையில் நடந்தது என்ன? 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து நடந்தது. அந்த ஆண்டே இடிந்தகரையில் பெரும் போராட்டம் மூண்டது. மாதக்கணக்கில் உலைப் பணிகள் நின்றன. 2012 மார்ச்சில் மாநில அரசு பணிகளைத் தொடரச் சொல்லி, சுற்றுவட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. ராதாபுரம் வட்டத்தில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. செப்டம்பரில் காவல்துறை நடவடிக்கையும், மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்த துயரமும் நிகழ்ந்தன. 2013 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தபோது, பாதுகாப்பு குறித்து 15 கட்டளைகளையும் சேர்த்தே கொடுத்தது.

144 தடை என்றால் என்ன என்பதை வணிகருக்கு விளக்கத் தேவையில்லை. பஸ் வராது, பால் வராது, மண்டியிலிருந்து லாரி வராது. வாங்க வருவோரும் இல்லை. வாடகையும் வட்டியும் மட்டும் தவறாமல் வரும்.

ஆனால் இதே ஊரின் வரலாற்றில் நாம் பாராட்ட வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. உலைக்கு வேண்டிய நன்னீரைக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுப்பதாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். விவசாயிகள் விடவில்லை. முடிவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை உலை வளாகத்திலேயே அமைத்தார்கள். முறையாகவும் விடாமலும் கேட்டால் பெரிய திட்டமும் தன் வரைபடத்தை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

வியாபாரம் யார் கைக்குப் போகிறது?

அணு மின் நிலையத்தில் வேலை செய்வோரை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். முதல் அடுக்கு நிரந்தர ஊழியர்கள். இவர்களுக்கு நகரியம் உண்டு. உள்ளேயே பள்ளி, மருத்துவமனை, அங்காடி உண்டு. இரண்டாவது அடுக்கு ஒப்பந்த நிறுவனங்களின் பொறியாளர்கள். மூன்றாவது அடுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள். எண்ணிக்கையில் பெரியது இதுவே. ஊர்க் கடைக்கு அன்றாடம் வருவோரும் இவர்களே.

கல்பாக்கத்தில் நகரியத்தை ஒட்டிப் புதுப்பட்டினம் கடைவீதி வளர்ந்தது. 1983-இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தைச் சுற்றி ஆராய்ச்சி மையமும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்ததால், மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நிலையாக அங்கே தங்கின. நிரந்தர ஊழியர் குடும்பத்தோடு தங்கும் ஊரில் ஜவுளி, நகை, பாத்திரம், மளிகை எல்லாம் நிற்கும். கட்டுமானத் தொழிலாளரை மட்டும் நம்பிய ஊரில் டீக்கடை, சாப்பாட்டுக் கடை, செல்போன் ரீசார்ஜ், வாடகை அறை ஆகியவை ஏறும். வேலை முடிந்ததும் இறங்கும்.

கடன் கொடுப்பதிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், கூடங்குளத்தில் கட்டுமானப் பணியிலிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களைச் சொந்த ஊருக்கு அனுப்பக் கோரிப் போராடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். உயிர் பயமும் குடும்ப நினைவும் எவருக்கும் உண்டு. ஆனால் பற்று நோட்டில் பெயர் எழுதிச் சரக்குக் கொடுத்தவருக்கு அப்படிப்பட்ட நாளில் என்ன கதி என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கடன் கொடுப்பதாயின் மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பாமல், ஒப்பந்தக்காரரின் எழுத்து மூலமான பொறுப்பை வாங்கிக்கொள்வதே முறை.

பெரிய கொள்முதல் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. 50,000 டன் இரும்பு வருகிறது என்றால் தேனி இரும்புக் கடைக்காரருக்கு யோகம் என்று சிலர் பேசினார்கள். அந்த அளவு இரும்பு ஆலையிலிருந்து டெண்டர் வழியே நேராக வரும். நமது கடைப் படி ஏறாது. மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் அது உற்பத்தி செய்வோருக்கும் சேவை தருவோருக்கும் உரியது. 2021-இல் மொத்த, சில்லறை வணிகர்களும் உத்யம் பதிவு பெறலாம் என்று அறிவித்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற அளவோடு சலுகையை நிறுத்திவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பதிவுச் சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு டெண்டருக்குக் காத்திருப்பதில் பயன் இல்லை.

தொழிலாளியின் உடல்நலம்

நம்மிடம் சரக்கு வாங்குபவர் நலமாக இருந்தால்தான் நமக்கும் நலம். கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவர் சட்டையில் ஒரு பேட்ஜ் அணிவார். அவர் உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவை அது காட்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. வெளியே வாழும் பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.

ஆபத்து எல்லாம் கதிர்வீச்சால்தான் வரும் என்பதும் இல்லை. 2014 மே மாதம் கூடங்குளத்தில் ஆறு பேர் காயமடைந்தது கொதிநீர் பட்டதால். எந்த ஆலையிலும் நடக்கக்கூடிய விபத்து அது. ஆனால் அணு உலைக்குள் நடந்தால் உள்ளதைவிடப் பத்து மடங்காகச் செய்தி வெளியே வரும். நிர்வாகம் உடனே வாய் திறந்து உண்மையைச் சொன்னால் ஊர் அமைதியாக இருக்கும். மௌனம் சாதித்தால் கடைக்குக் கடை ஒரு கதை உருவாகும்.

சரக்கின் பெயர் கெட்டால்?

நமது பள்ளத்தாக்கின் செல்வம் மூன்று. கம்பம் பன்னீர் திராட்சை, போடி ஏலக்காய், நெல்லும் வாழையும் விளையும் வயல். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தச் சரக்குகள் எல்லாம் பெயரால் விற்பவை. பெயர் கெட்டால் விலை கெடும்.

உலகம் கண்ட உதாரணங்கள் உண்டு. 1986-இல் செர்னோபில் விபத்து நடந்த பிறகு, ஐரோப்பாவிலிருந்து நமது நாட்டுக்கு வந்த அயர்லாந்து வெண்ணெயில் கதிர்வீச்சு இருக்கிறது என்று வழக்கு எழுந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபுணர் குழு ஆராய்ந்து குற்றமில்லை என்று சொன்ன பிறகே 1988-இல் அது முடிவுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் ஃபுகுஷிமாவில் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது, அது பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதே என்று பன்னாட்டு அணுசக்தி முகமை முன்னரே கூறியிருந்தும், சீனா ஜப்பானின் கடலுணவு முழுவதற்கும் தடை போட்டது. நிபுணர் சொல் ஒருபுறம், சந்தை செய்வது மறுபுறம். நட்டப்பட்டவர்கள் மீன் வியாபாரிகள்.

இவ்வளவு தூரம் போவானேன்? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பயத்தைக் கிளப்பியபோது குமுளி எல்லையில் நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். போக்குவரத்து நின்றது. காய்கறி லாரிகள் திரும்பின. ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் பாதியில் ஓடி வந்தார்கள். அணை உடையவில்லை. வியாபாரம்தான் உடைந்தது. அதே பயம் நாளை "அணு" என்ற பெயரோடு ஒரு திராட்சைக் கூடையின் மீது ஒட்டிக்கொண்டால், எர்ணாகுளம் மண்டியில் அதை யார் வாங்குவார்? பெரிய திட்டங்களை வகுப்போர் இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பொறுப்பு யாருடையது? நமது கடைகளுக்கு நாம் எடுத்துள்ள தீ விபத்துக் காப்பீட்டுப் பாலிசியில் விலக்குகள் என்ற பகுதி உண்டு. அணு எரிபொருள் அல்லது அணுக்கழிவிலிருந்து வரும் கதிர்வீச்சாலோ மாசாலோ ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்று அதில் இருக்கும். தீ, வெள்ளம், கலவரம் என்று எல்லாவற்றுக்கும் பிரீமியம் கட்டினாலும், இதற்கு மட்டும் நம்மால் சொந்தமாகக் காப்பீடு வாங்க முடியாது.

ஆகவே சட்டம்தான் கதி. 2010-இல் நாடாளுமன்றம் இயற்றிய அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், உலையை நடத்துவோரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் வரம்பு வைத்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் நிறைவேறியது. அணு மின் உற்பத்தியில் தனியாருக்கும் அது வழி திறந்திருக்கிறது. இனி எந்த மாநிலத்தில் எந்த நிறுவனம் உலை வைக்கப் போகிறது என்பதைப் பொறுத்து இந்தக் கேள்வி பல ஊர்களின் கடைவீதிக்கும் வரும். வீட்டை இழந்தவர், உடல்நலம் இழந்தவரோடு, கடையை மூடி வியாபாரம் இழந்தவரையும் பாதிக்கப்பட்டவராக எண்ணி ஈடு தருவார்களா என்பதை வணிகர் அமைப்புகள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

நாம் கேட்க வேண்டியவை

பொட்டிப்புரமோ, வேறு எதுவோ, நமது பகுதிக்குப் பெரிய திட்டம் எது வந்தாலும் சங்கங்கள் ஒன்றுகூடி எழுத்து மூலமாகக் கேட்க வேண்டியவை இவை:

1. திட்ட அறிக்கை முழுவதும் தமிழில் வேண்டும். சுருக்கம் மட்டும் போதாது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே அது ஒவ்வோர் ஊராட்சியிலும் கிடைக்க வேண்டும்.

2. கட்டுமானக் காலத்தில் எத்தனை பேர், முடிந்த பிறகு எத்தனை பேர் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

3. நகரியம் அமைந்தால், அன்றாடச் சரக்குகளை உள்ளூர்க் கடைகளில் வாங்குவதற்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

4. தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாசனத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

5. மண், நீர், விளைபொருள் ஆகியவற்றை வெளியார் பரிசோதித்து, முடிவை மாதந்தோறும் சந்தையில் ஒட்ட வேண்டும். திட்டம் வருமுன்பே ஒரு பரிசோதனை செய்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

6. வதந்தியாலோ தடை உத்தரவாலோ வியாபாரம் நின்றால், அதையும் இழப்பாகக் கருத வேண்டும்.

கோலாரின் கதையை இங்கே சேர்த்துச் சொல்வது பொருந்தும். வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயில் ஏறும் நிலை வந்தது. சம்பளம் நின்ற ஊரில் கடைவீதி என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே முதலாளியை நம்பிய ஊர், அந்த முதலாளி கதவைச் சாத்தும் நாளில் தானும் சாத்திக்கொள்ளும்.

நமது பள்ளத்தாக்கு அப்படிப்பட்டதன்று. ஏலம், திராட்சை, வாழை, நெல், பருத்தி நூல் என்று பல கால்களில் நிற்பது. 2023-இல் போடிக்கு மீண்டும் ரயிலும் வந்துவிட்டது. எந்தத் திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கால்களைப் பலப்படுத்துவதே நமது முதல் வேலை. வருகின்ற திட்டத்தைப் பயந்து விரட்டவும் வேண்டாம், ஆசைப்பட்டு வரவேற்கவும் வேண்டாம். எடை போடாமல் சரக்கு வாங்கும் பழக்கம் வணிகருக்குக் கிடையாது. இதையும் எடை போட்டே வாங்குவோம். தராசு நம் கையில் இருக்கட்டும்.